நீலியும் குண்டலகேசியும் என்ன பேசினார்கள்?

நாமக்கல்லில் பஸ் ஏறி சேந்தமங்கலத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ஊர் இல்லை, மலை! கிழக்குப் பக்கம் முழுக்கக் கொல்லிமலை மதில் கட்டி நிற்கும். காரவல்லி வரை போனால் அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் சேந்தமங்கலத்தில் டீ குடித்துவிட்டு மேலே ஏறிப் போய்விடுவார்கள். எனக்கு மட்டும் ஊரோடு வேலை முடிந்துவிடும். என் பெரியம்மா வீடு அங்கேதான்.

அந்த மலையில் ஒரு பெண் இருந்தாள் என்கிறது சங்க இலக்கியம். கொல்லிப்பாவை! பூதம் செய்து வைத்த பாவை என்று நற்றிணையில் வருகிறது. காற்று அடித்தாலும், இடி இடித்தாலும், நிலமே நடுங்கினாலும் அவள் அழகு குலையாதாம். ஒரு தலைவியின் அழகைச் சொல்ல வேண்டுமென்றால் புலவர்கள் உடனே கொல்லிப்பாவையைக் கூப்பிட்டுவிடுவார்கள். பின்னால் வந்த கதைகளில் அவள் சிரிப்பாள், வந்தவனை மயக்கிக் கொல்லுவாள். இன்றைக்கும் மலைமேல் எட்டுக்கை அம்மனைக் காட்டி ‘இதுதானுங்க கொல்லிப்பாவை’ என்று சொல்கிறவர்கள் உண்டு.

எல்லாம் சரி... அவள் ஏதாவது பேசினாளா?

இந்தக் கேள்வி என் மூளையில் உதித்தது இல்லை. பொங்கல் லீவுக்கு வந்திருந்த, பெரியம்மாவின் பேத்தி கேட்டது. கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். டி.வி.யில் ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. இவள் கையில் நோட்டை வைத்துக்கொண்டு ‘டிக்’ போடுவதும் பெருக்கல் குறி போடுவதுமாக இருந்தாள். “என்ன கண்ணு, பரீட்சைப் பேப்பரா திருத்தற?” என்று கேட்டார் பெரியம்மா.

“ஆமா அம்மாயி. இந்தப் படத்துக்குத்தான் பரீட்சை. ஃபெயில்!”

மூன்றே கேள்விகள்தான். கதையில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கிறார்களா? அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா? பேசினால், ஓர் ஆணைப் பற்றி இல்லாமல் வேறு எதைப் பற்றியாவது பேசுகிறார்களா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் பாஸ்.

கேட்க விளையாட்டாகத்தான் இருக்கிறது. பிறந்ததும் விளையாட்டாகத்தான். 1985-ல் அலிசன் பெக்டல் என்ற அமெரிக்கப் பெண் கார்ட்டூனிஸ்ட் ஒரு படக்கதைத் துணுக்கு வரைந்தார். இரண்டு பெண்கள் சினிமாவுக்குப் போகலாமா என்று யோசித்தபடி தெருவில் நடக்கிறார்கள். அதில் ஒருத்தி, ‘இந்த மூணு விஷயமும் இருந்தாத்தான் நான் படத்துக்குப் போவேன்’ என்கிறாள். அப்படி அவளால் கடைசியாகப் பார்க்க முடிந்த படம் 1979-ல் வந்த ‘ஏலியன்’. ஏனென்றால் அதில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வது ஒரு ராட்சச ஜந்துவைப் பற்றி! ‘இந்த யோசனை என்னுடையது இல்லை, என் தோழி லிஸ் வாலஸ் சொன்னது’ என்று பெக்டல் பிற்பாடு நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் அவர் பெயரிலேயே ‘பெக்டல் டெஸ்ட்’ என்று நிலைத்துவிட்டது. 2013-ல் ஸ்வீடனில் சில தியேட்டர்கள், பாஸான படங்களுக்குத் தனி முத்திரையே குத்த ஆரம்பித்தன.

அதற்கும் அறுபது வருஷம் முன்னால் போக வேண்டும். 1928-ல் கேம்பிரிட்ஜில் கல்லூரிப் பெண்களுக்கு முன்னால் வர்ஜீனியா வுல்ஃப் பேசினார். அடுத்த வருஷம் அது புத்தகமாக வந்தது. கதைகளில் வரும் பெண்கள் எல்லாரும் யாரோ ஓர் ஆணுக்குக் காதலி, மனைவி, அம்மா என்ற உறவிலேயே காட்டப்படுகிறார்களே, ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணைப் பிடித்திருந்தது என்று எழுத ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்பது அவர் ஆதங்கம். பெக்டல் கேட்ட மூன்றாவது கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, நம்ம ஊர் விடைத்தாளைத் திருத்திப் பார்ப்போமா?

சங்க அகப்பாடல்களை எடுத்தால் முதல் இரண்டு கேள்விகளுக்கும் நூற்றுக்கு நூறு. தலைவி, தோழி, செவிலித்தாய், நற்றாய் என்று பெண்கள் கூட்டம். ஓயாமல் பேசுகிறார்கள். தோழி என்ற ஒரு பாத்திரத்தையே பேசுவதற்கென்று படைத்து வைத்த இலக்கியம் அது. தலைவி எந்தெந்தச் சமயத்தில் பேசலாம், தோழி எப்போது பேசலாம் என்று தொல்காப்பியம் பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் எதைப் பற்றிப் பேச்சு? அவன் வந்தானா, ஏன் வரவில்லை, எப்போது வருவான், பரத்தை வீட்டுக்குப் போனானா... மூன்றாவது கேள்வியில் பொத்தென்று விழுந்துவிடுகிறது! பாரி மகளிர் நிலவைப் பார்த்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டு இருக்கிறதே? இரண்டு சகோதரிகள் நாடிழந்து நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் இழந்ததில் அப்பாவும் உண்டு. அப்பாவும் ஆண்தானே என்று கறாரான வாத்தியார் சுழித்துவிடுவார். எனக்கென்னவோ அந்த வாத்தியாரைப் பிடிக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் தேவந்தி, கண்ணகியிடம் வந்து ‘குளத்தில் நீராடிக் காமன் கோயிலில் கும்பிட்டால் பிரிந்துபோன கணவன் வந்துவிடுவான்’ என்கிறாள். அது நமக்குப் பெருமை இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள் கண்ணகி. தேர்வுக் கணக்குப்படி இதுவும் ஃபெயில். பேச்சு கோவலனைப் பற்றியது. ஆனால் கண்ணகி யார் என்பது நமக்கு முதன்முதலாகத் தெரிவதே அந்தப் பதிலில்தானே?

மணிமேகலைக்கு இந்தத் தொல்லை இல்லை. அவள் சுதமதியோடு பேசுகிறாள், மணிமேகலா தெய்வத்தோடு பேசுகிறாள், மணிபல்லவத் தீவில் தீவதிலகையோடு பேசுகிறாள். எதைப் பற்றி? முற்பிறப்பைப் பற்றி, அமுதசுரபியைப் பற்றி, பசியைப் பற்றி! அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அவளிடம் போய்ப் பெற்றுக்கொள் என்று வழி சொன்னவள் காயசண்டிகை. ஒரு ஊரின் பசியைப் போக்கும் வேலையைப் பெண்களே கை மாற்றிக் கை மாற்றி நடத்துகிறார்கள். பெக்டல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சாத்தனார் டிஸ்டிங்ஷனில் பாஸ்.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா மரவள்ளிக் கிழங்கை அரிந்துகொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயசு. சட்டென்று, “ஏங்கண்ணு, புருசனை மலையில இருந்து தள்ளி உட்டாளே ஒருத்தி, அது எந்தக் கணக்குல வரும்?” என்றார்.

‘மந்திரி குமாரி’! சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம். 1950. பின்னாடி எப்போதோ டூரிங் கொட்டகைக்கு வந்தபோது, மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்தாராம். சேந்தமங்கலத்துக்காரர்களுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் சொந்தக்காரர் வீடு மாதிரி. நடத்திய டி.ஆர்.சுந்தரம் பக்கத்துத் திருச்செங்கோட்டுக்காரர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டுடியோ. ஏற்காடு சாலையில் மிஞ்சியது அந்த நுழைவாயில் வளைவு மட்டும்தான்.

கலைஞர் மு.கருணாநிதியின் கதை வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன், எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கம் என்று அந்தப் படத்தைப் பற்றிப் பேச நிறைய உண்டு. ஆனால் பெரியம்மாவுக்கு ஞாபகம் இருப்பது மாதுரிதேவி மட்டும்தான். மந்திரியின் மகள் அமுதவல்லி. ராஜகுருவின் மகன் பார்த்திபனைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். அவன் ராத்திரியில் கொள்ளைக்காரன். குட்டு வெளிப்பட்டதும் இனிக்க இனிக்கப் பாட்டுப் பாடி அவளை மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான், தள்ளிவிட! திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த டூயட் இன்றும் வீட்டுக்கு வீடு தெரியும். உச்சிக்குப் போனதும் விஷயம் புரிகிறது. ‘சாவதற்கு முன் உங்களைச் சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன்’ என்கிறாள். சுற்றுகிறாள். பின்னால் வரும்போது... ஒரே தள்ளு!

“கொட்டாய்ல பொம்பளைங்க பூராவும் எந்திரிச்சிட்டோம்” என்றார் பெரியம்மா, கத்தியை ஆட்டிக்கொண்டு.

இந்தக் கதை ‘குண்டலகேசி’யில் இருந்து வந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. நாதகுத்தனார் பாடிய பௌத்த நூல். முழுசாகக் கிடைக்கவில்லை, 19 பாடல்கள்தான் தப்பிப் பிழைத்தன. கதையை நாம் தெரிந்துகொள்வது மற்ற நூல்களின் உரைகளிலிருந்தும், பாலி மொழியில் இருக்கும் தேரிகாதையின் உரையிலிருந்தும்தான். பாலி உரையில் அவள் பெயர் பத்தா. ராஜகிருகத்துச் செல்வரின் மகள். கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்படும் திருடனை ஜன்னல் வழியாகப் பார்த்து மனசைக் கொடுக்கிறாள். அவன் அரசனுடைய புரோகிதரின் மகன். சினிமாவில் ராஜகுருவின் மகன் என்று வந்தது இந்தச் சாயலில்தான். அப்புறம் மலை உச்சி, சுற்றி வருதல், தள்ளிவிடுதல்... எல்லாம் அப்படியே.

ஆனால் பாருங்கள், சினிமாவுக்கு அந்தத் தள்ளுதான் உச்சகட்டம். அமுதவல்லியின் கதை அதற்கப்புறம் அதிக தூரம் போவதில்லை. பழைய கதையிலோ அவள் வாழ்க்கை அங்கேதான் ஆரம்பிக்கிறது! வீடு திரும்ப முகமில்லை. சமண சங்கத்தில் சேர்கிறாள். தலைமயிரைப் பிடுங்கித் துறவு கொடுக்கிறார்கள். மறுபடி வளர்ந்த முடி சுருள் சுருளாக வளர்கிறது. அதனால்தான் குண்டலகேசி. சமயத் தத்துவம் முழுதையும் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். போன ஊரில் மணலைக் குவித்து ஒரு நாவல் கிளையை நட்டு வைப்பாள். ‘என்னோடு வாதாடத் தைரியம் இருப்பவன் இதைப் பிடுங்கிப் போடு’ என்று அர்த்தம். கடைசியில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் வந்து வாதில் ஜெயிக்கிறார். பௌத்தத் துறவி ஆகிறாள். தேரிகாதையில் அவள் பெயரில் பாட்டே இருக்கிறது.

புருஷனைத் தள்ளியவளைக் கொட்டகை எழுந்து நின்று பார்த்தது. நாவல் கிளையை நட்டவளைத் திரையில் யாரும் காட்டவில்லை.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. இன்னொரு வேடிக்கை இருக்கிறது. குண்டலகேசி சமணத்தை விட்டுப் போனவள் அல்லவா? சமணர்கள் சும்மா இருப்பார்களா? பத்தாம் நூற்றாண்டு வாக்கில் ‘நீலகேசி’ என்று ஒரு பதில் நூல் எழுதினார்கள். எழுதியவர் பெயர் தெரியாது. சமயதிவாகர வாமன முனிவர் உரை எழுதியிருக்கிறார். 1936-ல் பேராசிரியர் அ.சக்கரவர்த்தி பதிப்பித்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

யார் இந்த நீலகேசி? சாட்சாத் பழையனூர் நீலி! திருவாலங்காட்டுப் பக்கம் ஊரையே நடுங்கவைத்த பேய். புருஷனால் கொல்லப்பட்டவள், மறுபிறப்பில் துரத்தி வந்து பழி தீர்த்தவள் என்று நாட்டார் கதை சொல்லும். பொய்யாக அழுது சபையை நம்பவைத்தாள் என்பதால் ‘நீலிக்கண்ணீர்’ என்ற வார்த்தையே அவளால் வந்தது. அந்தப் பேயைத்தான் சமணக் கவிஞர் கதாநாயகி ஆக்கினார்! காளி கோயிலில் உயிர்ப்பலியை ஒரு சமண முனிவர் தடுத்துவிடுகிறார். கோபம் கொண்ட காளி, நீலியை வரவழைக்கிறாள். நீலி பேயாக வந்து பயமுறுத்துகிறாள். நடக்கவில்லை. இளவரசி வேஷத்தில் வந்து மயக்கப் பார்க்கிறாள். அதுவும் பலிக்கவில்லை. முனிவரிடமே உபதேசம் கேட்டு, கொல்லாமையை ஏற்றுக்கொண்டு, வாதம் செய்யக் கிளம்புகிறாள். முதல் வாதம் யாரோடு தெரியுமா? காம்பிலி நகரத்தில், நாவல் கிளை நட்டு வைத்திருக்கும் குண்டலகேசியோடு!

ராஜசபை. நடுவில் இரண்டு பெண்கள். புருஷனைக் கொன்றவள் ஒருத்தி. புருஷனால் கொல்லப்பட்டவள் என்று ஊர் நம்பிய இன்னொருத்தி. இருவரும் தங்கள் புருஷன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை! உயிர் என்று ஒன்று உண்டா, எல்லாமே கணத்துக்குக் கணம் அழிந்துபோகிறது என்றால் வினையின் பயனை அனுபவிப்பது யார்... இப்படிச் சண்டை போடுகிறார்கள். ‘குண்டலகேசி வாதச் சருக்கம்’ என்று ஒரு சருக்கமே அதற்கு. எழுதியவர் சமணர், ஆகவே நீலகேசிதான் ஜெயிக்கிறாள். அது முன்பே தீர்மானமான மேட்ச். இருந்தாலும் தத்துவத்தைப் பேசுவதற்கு இரண்டு பெண்களை உட்காரவைக்கலாம், கேட்பவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ்ப் புலவர் நம்பியிருக்கிறாரே, அதைச் சொல்லுங்கள்.

“மாமா, நடுவுல புத்தரைப் பத்தியும் பேசறாங்கள்ல? புத்தரும் ஆம்பளைதான” என்றாள் பேத்தி. கொங்குப் பெண்ணிடம் வாயைக் கொடுக்கக்கூடாது!

அவள் மடக்கியதில் விஷயம் இருக்கிறது. இந்தத் தேர்வின் பலவீனம் அந்த மூன்றாவது கேள்விதான். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை வந்ததும் எத்தனை கண்டனம், எத்தனை வாதம்! அந்த அம்மாவும் மகளும் பேசுவது ஓர் ஆண் செய்த காரியத்தைப் பற்றித்தான். பெக்டல் கணக்கில் பூஜ்யம். பிற்பாடு அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதியபோது அம்மா தண்ணீர் ஊற்றுவதில்லை. ஊர் கேட்க ஓலமிடுகிறாள். கங்காவின் வாழ்க்கையே திசை மாறிவிடுகிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் என்ன சொன்னாள் என்பதில்தான் மொத்த வித்தியாசமும் இருக்கிறது. தேர்வோ இரண்டு காட்சிகளுக்கும் ஒரே மார்க் போடும். 1994-ல் வந்த ‘மகளிர் மட்டும்’ படத்திலும் ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் பாதிக்கு மேல் அந்த ஜொள்ளு மேனேஜரைப் பற்றித்தான் பேசுவார்கள். வேறென்ன செய்வது, தொல்லை அவனால்தானே?

ஆகவே, கதை நல்லதா கெட்டதா என்று இந்த மூன்று கேள்வி சொல்லாது. ஒரு படத்தை வைத்துக் கேட்டால் சண்டைதான் வரும். நூறு படத்தை வரிசையாக நிறுத்திக் கேட்டால்தான் இதன் குணம் தெரியும். நூறில் எத்தனை தேறாமல் போகிறது என்று எண்ணும்போது நமக்கே சங்கடமாக இருக்கும். காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி. என்ன வியாதி என்று அது சொல்லாது. சூடு இருக்கிறதா என்று காட்டும்.

வியாதி என்ன என்று பார்க்க இன்னும் பொறுமை வேண்டும். தமிழில் அந்த வேலையைச் செய்தவர் அம்பை. சி.எஸ்.லட்சுமி என்ற தன் சொந்தப் பெயரில் தமிழ் இலக்கியத்தில் பெண்கள் என்று ஆராய்ந்து, ‘த ஃபேஸ் பிஹைண்ட் த மாஸ்க்’ என்ற ஆங்கில நூலை 1984-ல் வெளியிட்டார். பெக்டலின் கார்ட்டூனுக்கு ஒரு வருஷம் முன்னால்! பத்திரிகைக் கதைகளில் வரும் பெண்களையும், எழுதிய பெண்களையும் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்ட புத்தகம். அப்புறம் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்று கதையாகவும் எழுதிக் காட்டினார். அஜ்மீரில் ஒரு பெரிய குடும்பம், அதன் மூலையில் ஓர் இருட்டுச் சமையலறை, அதில் அதிகாரம் செய்யும் பெண்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டால் தேர்வில் தேறுவது மட்டும் விடுதலை ஆகிவிடாது என்பதும் புரியும்.

அமெரிக்காவில் இன்னொரு தேர்வும் உண்டு. காமிக்ஸ் எழுதும் கெல்லி சூ டெகானிக் சொன்னது. கதையில் வரும் பெண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் அழகான விளக்கை வைத்துப் பார். கதை அப்படியே ஓடினால் தோல்வி! இதைச் சொன்னதும் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நாம்தான் கதாநாயகியைப் பார்த்து ‘குத்துவிளக்கு மாதிரி இருக்கா’ என்று வாயாலேயே சொல்லிவிடுகிறோமே! தனியாக விளக்கு எதற்கு?

கொல்லிப்பாவைக்கும் அதே கதிதான். விளக்குக்குப் பதில் சிலை.

பெரியம்மா சின்ன வயதில் சேகோ ஆலைக்குக் கிழங்குத் தோல் உரிக்கப் போனவர். இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை கத்தியும் கையுமாக இருப்பார்களாம். “அத்தனை நேரம் என்ன பெரியம்மா பேசுவீங்க?” என்று கேட்டேன்.

“என்னத்தப் பேசுவோம்? கூலி பத்தலைன்னு பேசுவோம். எந்தக் கெணத்துல தண்ணி கீழ போயிருச்சு, யாரு சீட்டை எடுத்தா, எவ எருமை ஈனுச்சு... ஆம்பளைங்களைப் பத்திப் பேச அங்க நேரம் ஏது சாமி? அதெல்லாம் ஊட்டுல வந்து அவங்க கூடவே சண்டை கட்டிக்கலாம்.”

பேத்தி நோட்டில் பெரிதாக ஒரு ‘டிக்’ போட்டாள்.

மறுநாள் கிளம்பும்போது பெரியம்மா வாசல்வரை வந்தார். “அந்த ரெண்டு பேரும் வாதாடினாங்கன்னியே, யாரு ஜெயிச்சது?”

“நீலகேசி.”

“அப்ப, புருசனைத் தள்ளி உட்டவ தோத்துட்டாளா?” முகம் வாடிவிட்டது. “தோத்துட்டு எங்க போனா?”

பஸ்ஸில் உட்கார்ந்து அடுத்த சருக்கத்தைப் புரட்டினேன். நீலகேசி, குண்டலகேசியின் ஆசிரியர் அர்க்கசந்திரனோடு வாதாடப் போய்விட்டாள்.